கழிவு போக எடை

நெட்டச்சியின் பால் தரையில் விழுந்தபோது சத்தம் கேட்டது. கணீரென்ற சத்தம் இல்லை. ஈயம் கணீரென்று ஒலிக்காது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஈரத்துணி சுவரில் பட்டதுபோல மழுங்கலாக ஒரு சத்தம், அவ்வளவுதான். இரண்டாவதாக ஒரு மகளைப் பெற்று வீட்டுக்கு வந்த வாரத்தில் ஒரு காலை, பிள்ளை ஒரு பக்கம் குடித்துக்கொண்டிருக்க, மறுபக்கத்திலிருந்து கசிந்த சொட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து, சிதறாமல், கட்டிலுக்கு அடியில் உருண்டு போனது. வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்த அவள் நாத்தனார் துடைப்பத்தால் அதை வெளியே இழுத்து எடுத்தாள். பட்டாணி அளவு இருந்தது. மேலே வெள்ளை, நகத்தால் சுரண்டினால் உள்ளே பளபளப்பு. நாத்தனார் அதைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். எங்கள் தெருவில் ஈயத்தின் தரத்தை அப்படித்தான் பார்ப்போம். பல் பதிந்தால் சுத்தம், பதியாவிட்டால் கலப்படம். "நல்ல சரக்கு அண்ணி. எங்கண்ணன் நாளெல்லாம் உலையில நின்னு காய்ச்சுறத நீ படுத்துக்கிட்டே காய்ச்சிட்ட" என்றாள். நெட்டச்சி சிரிக்கவில்லை. அந்தக் குண்டை வாசற்படியில் வைத்து எறும்பு வருகிறதா என்று பார்க்கச் சொன்னாள். வரவில்லை. அதில் வியக்க ஒன்றுமில்லை. சர்க்கரையைக் கொட்டி வைத்தாலும் எறும்பு வராத தெரு அது. இனிப்பு டப்பாக்களை நாங்கள் திறந்தே வைத்திருந்தோம், அதை ஒரு வசதியாகவே நினைத்தோம்.

தெருவின் ஒரு கோடியில் பட்டறை இருந்தது. லாரிகளில் பழைய பேட்டரிகள் வந்து இறங்கும். கோடரியால் மூடியைப் பிளந்து, அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, உள்ளே இருக்கும் கறுப்புத் தகடுகளை வாரி உலையில் போடுவார்கள். உருகியதும் மேலே மிதக்கும் கசடை நீளக் கரண்டியால் வழித்து வெளியே கொட்டி, அடியில் நிற்கும் ஈயத்தை அச்சுகளில் வார்த்துக் கட்டிகளாக்கி விற்பார்கள். வழித்துக் கொட்டிய கசடு பட்டறைக்குப் பின்னால் ஒரு குன்றாக வளர்ந்திருந்தது. தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் சறுக்கு மரம். ஆண்கள் பட்டறை உடுப்போடு வீட்டுக்கு வருவார்கள், அதே உடுப்போடு பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார்கள். பெண்கள் அந்த உடுப்பை உதறித் துவைப்பார்கள். உதறும்போது தெருவில் ஒரு சாம்பல் மேகம் எழும்பி, ஈரம் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் போய் உட்காரும். ஓட்டை விழுந்த குடத்தையும் சட்டியையும் வெளியே கொடுத்து அடைக்க மாட்டோம். நம் கையில் இல்லாத ஈயமா என்று வீட்டுக்கு வீடு ஆண்களே உருக்கி ஒட்டிவிடுவார்கள். எங்கள் பாத்திரங்கள் ஒழுகாது என்பதில் எங்களுக்குப் பெருமை.

அதைவிடப் பெரிய பெருமை பிள்ளைகளின் எடை. எதையும் எடை போட்டே மதிக்கப் பழகிய ஊர். யார் தொடங்கிய வழக்கம் என்று தெரியாது, பிறந்த பிள்ளையைப் பட்டறை வாசலில் உள்ள எடைமேடையில் கிடத்துவோம். கட்டிகளை நிறுக்கும் அதே மேடை. எடைக்காரர் முள்ளைப் பார்த்து உரக்கச் சொல்வார், உலைக்காரர்கள் கரண்டியால் தகரத்தைத் தட்டுவார்கள், முதலாளி பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளுவார். வேறு தெருப் பிள்ளைகள் உருவத்தில் கொழுகொழுவென்று இருந்தும் எங்கள் பிள்ளைகளின் எடைக்குப் பக்கத்தில் வர முடியாது. எங்கள் பிள்ளைகள் ஒல்லியாக இருப்பார்கள், தூக்கினால் கை கடுக்கும். அவர்கள் தாமதமாகத்தான் தலை நிமிர்த்தினார்கள், தாமதமாகத்தான் சிரித்தார்கள். வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்தார்கள். இத்தனை எடையைச் சுமக்கிற பிள்ளை மெதுவாகத்தானே நகரும் என்று நாங்களே அதற்கும் காரணம் சொல்லிக்கொண்டோம்.

நெட்டச்சியின் மூத்த பிள்ளையை எல்லோரும் கட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். மேடை கண்ட பிள்ளைகளிலேயே அதிக எடை அவனுக்குத்தான். தொட்டில் கயிறு அறுந்தது. இரும்புச் சங்கிலி போட்டார்கள், உத்தரம் வளைந்தது. பிறகு தரையில் படுக்க வைத்தார்கள். அவன் படுத்த இடத்தில் சிமெண்டு கிண்ணம்போலக் குழிந்தது. அம்மா என்று கூப்பிடும் வயதில் அவன் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. நடக்கும் வயதில் வலிப்பு வந்தது. ஒரு மத்தியானம் அவள் அவனுக்குச் சோறு பிசைந்து எடுத்து வருவதற்குள் அவன் தரைக்குள் பாதி இறங்கியிருந்தான். ஈர மண்ணில் வைத்த கல் இறங்குவதுபோல, அவசரமே இல்லாமல். பட்டறை ஆட்கள் கட்டி தூக்கும் கொக்கிகளோடு ஓடி வந்து இழுத்து எடுத்தபோது மூச்சு இல்லை. அவனைச் சுமக்க எட்டு ஆண்கள் வேண்டியிருந்தது, வழியில் ஆள் மாற்றினார்கள். புதைத்த இடம் ஒவ்வொரு மழைக்கும் தாழ்ந்தது, ஒவ்வொரு முறையும் உலைக்காரன் போய் மண் போட்டு வந்தான். உலைக்காரன் என்றால் நெட்டச்சியின் புருஷன். தலைமை உலை அவன் கையில் இருந்தது. என்ன ஒரு எடை என்று அன்றைக்கும் தெருவில் பேசிக்கொண்டார்கள். நெட்டச்சி மட்டும் அதற்குப் பிறகு யார் பிள்ளையையும் மேடையில் பார்க்கப் போகவில்லை.

அதனால்தான் இரண்டாவது பிள்ளை குடித்தபோது அந்தச் சத்தம் கேட்டதும் நர்ஸம்மாவுக்கு ஆள் அனுப்பினாள். நர்ஸம்மா இரண்டு தெரு தள்ளி இருந்த சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தார். குண்டை வாங்கி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார், தாய்க்கும் பிள்ளைக்கும் இரத்தம் எடுத்தார். பரிசோதனைக்கு அந்தக் கண்ணாடிக் குழாய்களை எடுத்துப் போனபோது பேருந்தில் அவர் கைப்பை வார் அறுந்து விழுந்தது; தூக்கிக் கொடுக்க வந்த கண்டக்டர் இதற்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் எடுங்கள் என்றாராம். முடிவு வந்த அன்று கட்டிலில் உட்கார்ந்து கேட்டார்.

"நீ கடைசியா பட்டறைக்குள்ள எப்ப போன?"

"கல்யாணத்துக்குப் பின்னால போனதே இல்லம்மா. சின்னதுல எங்கப்பாவுக்குச் சோறு கொண்டு போவேன். அப்படியே கசடு மேட்டுல சறுக்கிட்டு வருவோம்."

"அந்த மேடுதான் இப்ப எறங்குது. ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்துன்னு நெனச்சு எலும்பு எடுத்து வெச்சுக்கும். பிள்ளைக்குச் சத்து வேணும்னு உடம்பு எலும்பைக் கரைக்கும்போது அதுவும் கூடவே வரும்."

நெட்டச்சி மடியில் இருந்த பிள்ளையின் வாயைத் துடைத்தாள். பிறகு, "அப்ப கட்டிக்கு நான்தான் குடுத்தேனா?" என்று கேட்டாள்.

"பாலைக் குத்தம் சொல்லாத. பால்ல வந்தது கொஞ்சம். இந்தத் தரையில இருக்கிறது, உன் வீட்டுக்காரர் சட்டையில இருக்கிறது, குடத்து ஒட்டுல இருக்கிறது, எல்லாம் அதைவிடப் பல மடங்கு. பாலை நிறுத்தினா ஒரு ஓட்டையத்தான் அடைப்ப. உலையை நிறுத்துற வழியப் பாரு. அது வரைக்கும் நல்லாச் சாப்பிடு, வீட்டை ஈரத்துணியால துடை, அவரை வெளியிலயே குளிச்சிட்டு வரச் சொல்லு."

செய்தி தெருவில் பரவிய வேகத்தில் முதல் பாதிதான் பரவியது. பால் குடுக்கிற பெண்களெல்லாம் அன்றே பாலை நிறுத்தினார்கள், கடையில் மாவுப் பால் டப்பா தீர்ந்துபோனது. சுத்தமாக இருக்க வேண்டும் என்று தண்ணீரை வெகுநேரம் காய்ச்சினார்கள், நல்ல பாத்திரமாக இருக்க வேண்டும் என்று வீட்டிலேயே பெரிய ஒட்டுப் போட்ட, ஒழுகாத சட்டியில் காய்ச்சினார்கள். ஒரே மாதத்தில் பிள்ளைகள் முன்னைவிட வேகமாகக் கனத்தார்கள். நர்ஸம்மா வீடு வீடாக வந்து சட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வீட்டில் இருந்த எனக்கும் அப்போது ஒரு மகன் இருந்தான். என் வீட்டுச் சட்டியின் ஒட்டுதான் தெருவிலேயே அழகானது. அவன் அந்த மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

நெட்டச்சி பாலை நிறுத்தவில்லை. பிள்ளை ஒரு பக்கம் குடிக்கும்போது மறுபக்கம் சொட்டுவதை வீணாக்காமல் ஒரு அண்டாவை வைத்துப் பிடித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, இருக்கட்டும், கணக்குக்கு ஆகும் என்றாள். ஈயம் இறங்க இறங்க அவள் எலும்பு லேசானது. முதலில் குதிகால் தரையில் படவில்லை. பிறகு பாதம் படவில்லை. ஒருநாள் கொடியில் துணி காயப்போட எம்பியவள் திரும்ப இறங்காமல் ஓட்டுக் கூரை வரை போய்விட்டாள். நாத்தனார் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து ஜன்னல் கம்பியில் முடிந்து வைத்தாள். "ஏற்கெனவே பனை மரம், இப்ப பட்டமும் ஆயிட்ட. எங்கண்ணன் உனக்கு நூல் வாங்கியே ஓட்டாண்டி ஆகப் போறான்" என்றாள். ஆனால் மகளைக் கையில் எடுத்தால் நெட்டச்சி தரையில் நின்றாள். கீழே போகும் பிள்ளையும் மேலே போகும் தாயும் சேர்ந்தால் மற்றவர்களைப்போல மண்ணில் நடக்க முடிந்தது. அதைக் கண்டுபிடித்த பிறகு அவள் பிள்ளையை இறக்கி வைக்கவே இல்லை. சமைத்தாள், துவைத்தாள், தூங்கினாள், எல்லாம் இடுப்பில் பிள்ளையோடு. இவளையும் தரை எடுத்துக்கொள்ள விட மாட்டேன் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பார்த்தவர்களுக்கே தெரிந்தது.

பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகியும் மேடைக்கு வரவில்லையே என்று முதலாளி கேட்டனுப்பினார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. விசேஷ வீடுகளுக்கு வந்து கடைசிப் பந்தி வரை உட்கார்ந்திருப்பார். நெட்டச்சி மறுநாள் காலையிலேயே வந்தாள். பிள்ளை இடுப்பில். பின்னால் நாத்தனாரும் நானும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு. பட்டறையில் வேலை நின்றது, கரண்டிகள் தட்டுவதற்குத் தயாராக உயர்ந்தன.

"பிள்ளையைக் கிடத்தும்மா" என்றார் எடைக்காரர்.

"கிடத்துறேண்ணே. கழிவு போடுவீங்கல்ல?"

"என்ன கழிவு?"

"சாக்குல வர்ற சரக்குக்குச் சாக்குக் கழிவு போடுறீங்க. நனைஞ்சு வந்தா ஈரக் கழிவு போடுறீங்க. என் பிள்ளைக்கும் போடுங்க. இவ ஒரு பக்கம் குடிச்சப்ப இன்னொரு பக்கம் இந்த அண்டாவுல விழுந்துச்சு. இவ வயித்துக்குள்ள போனதும் இதுவும் ஒரே அளவு. தரையும் சட்டையும் குடுத்ததை நான் சேர்க்கவே இல்ல. மொதல்ல பிள்ளையைப் போடுங்க, அப்புறம் அண்டாவைப் போடுங்க, கழிச்சிட்டுச் சொல்லுங்க."

பிள்ளையை மேடையில் கிடத்திய உடனே நெட்டச்சி மேலெழுந்தாள். நாத்தனார் அவள் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்த்த முதலாளியைப் பார்த்து, "என்ன முதலாளி, காத்துல கிடக்கிற ஈயத்தை நீங்க பார்த்ததே இல்லையா?" என்றாள். எடைக்காரர் முள்ளைப் பார்த்தார், உரக்கச் சொன்னார், பழக்கத்தில் ஒருவன் தகரத்தைத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டான். பிள்ளையை எடுத்துத் தாயிடம் கொடுத்தார்கள், நெட்டச்சி கீழே இறங்கினாள். பிறகு அண்டாவில் இருந்த வெள்ளைக் குண்டுகளை மேடையில் கொட்டினோம். எடைக்காரர் தன் வாழ்நாளில் ஒரு கழிவையும் தப்பாகப் போட்டதில்லை, போடாமல் விட்டதும் இல்லை. உதடு அசைய மனசுக்குள் கழித்தார். இன்னொரு தடவை கழித்தார். "கழிவு போக..." என்று உரக்கத் தொடங்கியவர் முள்ளை விட்டுப் பிள்ளையைப் பார்த்தார். அருகில் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கும்படி, "கழிவு போக ஒரு குருவி எடைதாம்மா இருக்கு" என்றார்.

அங்கே நின்ற ஒவ்வொரு ஆணுக்கும் அந்தக் கணக்குத் தெரியும். சாக்குக்குப் போட்டிருந்தோம், ஈரத்துக்குப் போட்டிருந்தோம், பேட்டரி மூடிக்குக்கூடப் போட்டிருந்தோம். பிள்ளைகளுக்குப் போட யாருக்கும் தோன்றவில்லை. நின்ற இடத்திலேயே ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளைக்குக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. என் புருஷன் கணக்கைத் தொடங்கிவிட்டு, யாருக்காகப் போடுகிறோம் என்று நினைவு வந்து மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். உலைக்காரன் உலைப்பக்கம் போனான். கையுறைகளைக் கழற்றினான். உலைக்குத் துருத்தி ஊதுவதை நிறுத்தினான். கலத்தில் ஈயம் உறைந்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்தாலும் கலம் உதவாது. உலைக்காரன் ஒருவன் தன் பிழைப்பில் செய்யவே கூடாத காரியம் அது. அவன் அங்கேயே நின்று, மேற்பரப்பு தோல் கட்டி, சுருங்கி, சாம்பல் நிறமாக உறைந்து முடியும் வரை பார்த்தான். பிறகு மனைவியிடமிருந்து மகளை வாங்கப் போனவன், தன் சட்டையைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான். வீட்டுக்குப் போகும் முன் குழாயடியில் குளித்தான். அன்று தொடங்கிய பழக்கம், கடைசி வரை விடவில்லை.

முதலாளி வெளியூரிலிருந்து ஆட்களையும் புதுக் கலத்தையும் கொண்டுவந்து மறுபடி உலையை மூட்டினார். அதற்குள் பால் குடுத்த பெண்கள் எல்லோருமே லேசாகத் தொடங்கியிருந்தோம். பாத்திரங்களை மாற்றிவிட்டு மறுபடி பால் குடுத்தவர்கள் அதிகம் லேசானார்கள், பிள்ளையில்லாமல் பால் கட்டி வலித்துப் பிழிந்து ஊற்றிய என்னைப் போன்றவர்களும் லேசானோம். நாத்தனார் எல்லோர் இடுப்பிலும் கயிறு கட்டி, முனைகளைத் தன் கையில் சுற்றிக்கொண்டு, கீழே நின்று கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட்டாள். நாங்கள் பட்டறைப் புகைபோக்கியின் உச்சிக்குப் போய், பழைய துணிகளைத் தண்ணீரில் நனைத்து அதன் வாயை மூடி, அதன்மேல் வரிசையாக உட்கார்ந்துகொண்டோம். நெட்டச்சியின் மகளை அந்த நேரமெல்லாம், குளித்துவிட்டு வந்த உலைக்காரன் தரையில் விடாமல் கையில் வைத்திருந்தான். புகை போக வழியில்லாமல் வந்த வழியே திரும்பியது. புது ஆட்கள் இருமிக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். முதலாளி அண்ணாந்து, "இறங்குங்கம்மா, விழுந்து கிழுந்து வெக்கப் போறீங்க" என்றார். "விழ முடிஞ்சா நாங்க ஏன் முதலாளி இங்க வந்து உக்காரப் போறோம்?" என்றாள் நெட்டச்சி. பால் குடுக்கும் நேரத்துக்கு முறை வைத்து இறங்கினோம், குடுத்துவிட்டு ஏறினோம். அங்கிருந்து பார்த்தால் தெரு முழுவதும் தெரியும். கூரைகளின் மேல் படிந்திருந்த சாம்பலை அன்றுதான் முதன்முதலில் மேலிருந்து பார்த்தோம். அன்றைக்கு எங்களுக்கு இருந்த பெருமிதத்தை எந்த எடைமேடையும் எங்களுக்குத் தந்ததில்லை.

அதிகாரிகள் வந்து சீல் வைத்தது அதற்கெல்லாம் வெகு நாளைக்குப் பிறகு. புகைபோக்கியில் பறவைகள் அடைந்ததால் பட்டறை நின்றது என்று அவர்கள் எழுதிக்கொண்டதாகச் சொன்னார்கள், நாங்கள் மறுக்கவில்லை. கசடுக் குன்றை லாரிகளில் அள்ளி, மூடிப் புதைக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். தெருவின் மேல் மண்ணைச் சுரண்டிவிட்டுப் புது மண் போட்டார்கள். ஆண்களில் சிலர் லாரி ஓட்டப் போனார்கள், சிலர் சுமை தூக்கினார்கள், சில காலம் எல்லோர் வீட்டிலும் கஷ்டம்தான். பட்டறையைத் திறந்தால் என்ன என்று யாரும் வாயெடுக்கவில்லை. பிள்ளைகளின் எடை வருஷத்துக்கு வருஷம் குறைந்தது. எங்கள் பிள்ளை இளைத்துவிட்டான் என்று தாய்மார்கள் வாசலில் நின்று பெருமை பேசிக்கொண்ட தெரு வேறெங்கும் இருந்திருக்காது. உள்ளே போனதெல்லாம் வெளியே வந்துவிடவில்லை. நெட்டச்சியின் மகள் தாமதமாக நடந்தாள், தாமதமாகப் பேசினாள், பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தாள். வாய்ப்பாடு அவளுக்கு வரவே இல்லை. ஆனால் நடந்தாள். அவள் முதல் முறையாகத் தாயின் இடுப்பிலிருந்து இறங்கி நின்ற நாளில் தரை குழியவில்லை. நெட்டச்சி கூரைக்குப் போய், அங்கிருந்தபடியே மகள் வாசல் வரை நடப்பதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் அநேகமாக மேலேயே இருந்தாள். உலைக்காரன் உத்தரத்தில் வளையங்கள் அடித்துக் கொடுத்தான், பிடித்துக்கொண்டு நகர. தெருவிளக்கு எரியாவிட்டால் அவளைத்தான் கூப்பிட்டோம்.

மகள் பேக்கரி ஒன்றில் மாவு பிசையும் வேலைக்குப் போனாள், அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள், பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். வயிற்றில் பிள்ளை இருந்த காலம் முழுக்க, ஓய்வு பெற்றுவிட்ட நர்ஸம்மா கைத்தடியோடு வந்து சத்து மாத்திரையை விழுங்குகிறாளா என்று நின்று பார்த்துவிட்டுப் போனார். இரத்தப் பரிசோதனையில் ஈயம் கொஞ்சம் இருந்தது. கொஞ்சம்தான் என்றார் நர்ஸம்மா, அதற்கு மேல் அவர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த வாரத்தில் ஒரு காலை நாங்கள் எல்லோரும் அந்த அறையில் இருந்தோம். பிள்ளை ஒரு பக்கம் குடித்துக்கொண்டிருந்தான். மறுபக்கத்தில் ஒரு சொட்டு திரண்டு தொங்கியது. நாத்தனார் மின்விசிறியை நிறுத்தினாள். சொட்டு விழுந்தது.

"விழுந்துச்சா?" என்று கேட்டாள் நெட்டச்சி, மேலே வளையத்தைப் பிடித்தபடி.

"விழுந்துடுச்சும்மா" என்றாள் மகள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"எங்களுக்கும் கேக்கலம்மா."

சொட்டு சிமெண்டில் தட்டையாகப் பரவி ஓரம் சிதறிக் கிடந்தது. நாத்தனார் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். "இரு, துடைக்காத" என்றாள் நெட்டச்சி. காத்திருந்தோம். பிள்ளை குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து நிலைப்படிக்கு அடியிலிருந்து ஓர் எறும்பு வந்தது. பாலை ஒரு சுற்றுச் சுற்றியது, வாய் வைத்துப் பார்த்தது, திரும்பிப் போனது. நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். போன எறும்பு மற்ற எறும்புகளைக் கூட்டிக்கொண்டு வரிசையாக வந்தது. நெட்டச்சி கூரையிலிருந்து நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அவளுக்குத்தான் அது முழுசாகத் தெரிந்தது.

"சரி, இனிமே சர்க்கரை டப்பாவை மூடி வெக்கணும்" என்று எழுந்து போனாள் நாத்தனார். அன்றிலிருந்து எங்கள் தெருவில் எல்லோரும் மூடித்தான் வைக்கிறோம்.